கப்பற் பந்தியும் குழந்தையின் பத்தியமும்

ஒருவர்க்கு உடலை வளர்க்கும் உணவே மற்றொருவர்க்கு உயிரை வருத்தும் நஞ்சாதல் உண்டென்பது வைத்திய நூலோர் யாவர்க்கும் ஒப்ப முடிந்த உண்மையாகும். நம் நாட்டில் மருந்துண்பார் மேற்கொள்ளும் உணவுக் கட்டுப்பாட்டைப் பத்தியம் என்று வழங்குகின்றோம். அப்பத்தியம் பெரும்பாலும் சின்னாளைக்கே உரியது. மருந்து முடிந்தால் பத்தியமும் முடியும். இனி, பத்தியமே மருந்தாய், ஆண்டுக்கணக்காகவோ வாழ்நாள் முழுதுமோ விடாது காக்கவேண்டுவதாய் அமைந்த கட்டுப்பாடு ஒன்றுண்டு. அதனோடு வளரும் குழந்தைகள் இன்று எல்லா நாடுகளிலும் உளர். அத்தகைய குழந்தை தன் வீட்டிலே தாயின் கையால் உண்ணும்போது அச்சமின்றி உண்ணும். நினைத்தவுடன் இறங்கவியலாத ஒரு கப்பலிலே, ஏழு நாளோ பத்து நாளோ பிறர் சமைத்ததை உண்ண நேரும்போது அதனை எங்ஙனம் காப்பது? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

செல்வர் குடும்பத்தோடு இன்பப் பொழுது போக்கச் செல்லும் உல்லாசக் கப்பலைப் பற்றிய ஆராய்ச்சி மாணாக்கர்க்கு எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். அக்கப்பலின் சமையலறை ஓர் ஊரார் அனைவர்க்கும் ஒருங்கே உணவு சமைக்கும் இடம். அங்கே ஒரு குழந்தைக்கு மாத்திரம் வேறுணவு அளிப்பதில் எழும் இடர்கள் யாவும் விடுதிச் சாப்பாட்டிலும், மணவீட்டு விருந்திலும், மருத்துவமனைச் சமையலிலும் எழுவனவே. கரையில் அவ்விடர்களினின்று தப்ப வேறு வழிகள் பல உள. கடலில் அவை சில. ஆகவே, கப்பலிற் செவ்வனே கற்ற பாடம் கரையிலும் பயன்படும். மேலும், இந்தியர் பலர் அக்கப்பல்களின் சமையலறைகளிலும் உணவுக் கூடங்களிலும் ஊழியம் செய்து வருகின்றனர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

கடல் கற்பித்த இரு பாடங்கள்

உணவைப் பற்றிய பேருண்மைகள் இரண்டைக் கடற்பயணமே உலகிற்குக் கற்பித்தது. முதலாவது, வேண்டிய பொருள் உணவில் இல்லாமையால் வருங் கேடு. பண்டை மாலுமிகள் பல திங்கள் கடலிலே கழித்தபோது ஈறு வீங்கிக் குருதி கசிந்து மாண்டனர். 1747 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையைச் சார்ந்த சாலிஸ்பரி என்னுங் கப்பலில் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி என்னும் அந்நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்து நோக்கினார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் நலமுற்றனர். 1753 இல் அவர் தம் நூலை வெளியிட்டார். எனினும், எலுமிச்சைச் சாறு கடற்படையின் ஒழுங்கான உணவில் இடம்பெற 1795 வரை ஆயிற்று. உண்மை அறியப்படுவது வேறு, சமையலறையில் வழக்காவது வேறு என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும்.

இரண்டாவது, வேண்டாத பொருள் உணவிற் புகுவதால் வருங் கேடு. 1901 ஆம் ஆண்டில் மொனாக்கோ அரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலிற் சென்ற பிரெஞ்சு அறிஞர்களாகிய சார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேவும், கடலில் மிதக்கும் நச்சுயிர் ஒன்றின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். கரைக்கு மீண்டபின் கடற்சாமந்தியின் நஞ்சைக்கொண்டு நாய்களிடத்தே அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். முதன்முறை நஞ்சைத் தாங்கிப் பிழைத்த நாய், சில வாரங்கட்குப் பின் அதனினும் மிகச் சிறிய அளவைத் தாங்காது விரைவில் இறந்தது. பழகப் பழகத் தாங்கும் வலிமை பெருகும் என்று எண்ணியிருந்த உலகிற்கு இது பெரு வியப்பாயிற்று. காப்பிற்கு மாறானது என்னும் பொருள்பட அதற்கு அனபிலாக்சிஸ் என்று 1902 இல் அவர்கள் பெயரிட்டனர். ரிஷே 1913 இல் நோபெல் பரிசு பெற்றார். ஊசி வழியே புகும் நஞ்சிற் கண்ட அந்நிகழ்ச்சியே, உணவின் வழியே புகும் வேர்க்கடலையாலும் பாலாலும் சில குழந்தைகட்கு நேர்கின்றது.

அதே 1901 ஆம் ஆண்டில், நியூயார்க்கில் ஆராய்ந்துவந்த ஜோக்கிச்சி தகாமினே என்னும் ஜப்பானிய இரசாயன அறிஞர், அட்ரினலினைப் பளிங்கு வடிவிற் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார். மேற்கூறிய கேட்டிற்கு முதல் மருந்தாக இன்றளவும் நின்று உதவுவது அதுவே.

பத்தியத்தின் வகைகள்

பத்தியம் என்னும் ஒரே சொல்லாற் குறித்தாலும் அதன் காரணங்கள் பல. அவற்றைப் பகுத்துணராத சமையற்காரர் எத்துணை அன்புடையவராயினும் தீங்கிழைத்தல் கூடும். ஆதலின் அவற்றை நான்காக வகுத்துரைப்பாம்.

முதல் வகை ஒவ்வாமை. உடலைக் காக்கும் ஆற்றல், ஓர் உணவிலுள்ள புரதத்தைப் பகையென்று மயங்கி எதிர்ப்பதால் இது நேர்கின்றது. வேர்க்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு முதலியன, கோதுமை, சோயா, எள் ஆகியவை இதற்குப் பெருங் காரணமாவன. இவற்றுள் முதல் எட்டுப் பிரிவுகளைப் பொதிந்த உணவுகளின்மேற் குறிக்கவேண்டுமென்று அமெரிக்க நாடு 2004 இல் சட்டம் இயற்றிற்று. எள் 2021 இல் சேர்க்கப்பெற்று 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலோ 14 பொருள்களையுடையது. இவ்வகையில் அளவு சிறிதென்று இகழ்தல் ஆகாது. கரண்டியில் ஒட்டிய துகளும் சில குழந்தைகட்குக் கேடு விளைக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணிக்குள் குறிகள் தோன்றும்.

இரண்டாம் வகை சீலியாக் நோய். கோதுமை, வாற்கோதுமை, ரை என்னும் தானியங்களிலுள்ள குளுட்டன் என்னும் பசைப்பொருள் சிறுகுடலின் உட்புறத்தைச் சிதைத்தலால் குழந்தை உண்டும் வளராது மெலியும். 1888 இல் லண்டன் வைத்தியர் சாமுவேல் கீ இந்நோயை விளக்கி, குணம் உண்டாகுமாயின் உணவாலேயே உண்டாகும் என்று கருதினார். எவ்வுணவால் என்பது தெளியப் பல்லாண்டுகள் ஆயின. ஹாலந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே கோதுமையின்மேல் முன்னரே ஐயங் கொண்டிருந்தார். 1944 முதல் 1945 வரை நிகழ்ந்த பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி அரிதாயிற்று. பிற குழந்தைகள் வாடிய அக்காலத்தே இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டதும் நோயும் மீண்டது. இவ்வாறு உறுதிப்பட்ட தம் ஆராய்ச்சியை அவர் 1950 இல் வெளியிட்டார். இந்நோயில் உண்டவுடன் மூச்சடைப்பதில்லை. ஆகவே சிறிதளவு போயிற்று, ஒன்றும் ஆகவில்லை என்று ஏமாறுதல் எளிது. ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளுட்டன் உடையதே குளுட்டன் அற்ற உணவு என்னும் அளவைப் பல நாடுகள் கொண்டிருத்தலை நோக்கின், இக்கட்டுப்பாட்டின் நுண்மை புலனாகும்.

மூன்றாம் வகை செரியாமை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னுஞ் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்தவர்க்கு வயிற்றுப்பொருமலும் கழிச்சலும் உண்டாகும். துன்பந் தருவதாயினும் இஃது உயிர்க்கு இறுதி பயப்பதன்று; அளவைப் பொறுத்ததுமாகும். ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. லாக்டோஸ் நீக்கிய பால் மூன்றாம் வகைக் குழந்தைக்கு ஏற்றது. முதல் வகைக் குழந்தைக்கோ கொடியது, பாலின் புரதம் முழுதும் அதில் இருத்தலின். "குழந்தைக்குப் பால் ஆகாது" என்று மாத்திரம் தாய் சொன்னால், பரிமாறுவோன் இவ்விரண்டனுள் எதனைக் கொள்வான்? நோயின் பெயரை விளங்கச் சொல்லுதல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

நான்காம் வகை சமயம், கொள்கை என்பன பற்றியது. புலால் உண்ணாமை, யூதர்க்கும் இஸ்லாமியர்க்கும் உரிய உணவு நெறிகள் முதலியன இதன்பாற்படும். யூதர் நெறிப்படி சமைத்து முத்திரையிட்டுப் பொதிந்த உணவை, பொதி அவிழ்க்காமலே சூடாக்கி உண்பார் முன்னிலையிற் பிரிக்கும் வழக்கம் கப்பல்களில் உண்டு. பிற பாத்திரங்கள் தீண்டாத இம்முறை மற்றை வகையினர்க்கும் ஒரு நல்ல பாடமாகும்.

கப்பற் சமையலறையின் இயல்பு

2024 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆப் தி சீஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனிக் கப்பலில், அறைக்கு இருவர் வீதம் கணக்கிட்டால் 5,610 பிரயாணிகளும், அவரன்றி 2,350 பணியாளரும் இருப்பர். இத்துணைப் பேர்க்கும் நாள்தோறும் பலமுறை உணவு அளிக்கப்படுகின்றது. இத்தகைய கப்பலில் உணவு கிடைக்கும் இடங்களை மூவகைப்படுத்தலாம்: முதன்மை உணவுக்கூடம், பிரயாணிகள் தாமே எடுத்துக்கொள்ளும் பொது வரிசை, ஆங்காங்குள்ள சிறு கடைகள்.

இவற்றுள் பத்தியக் குழந்தைக்கு ஏற்றது முதன்மை உணவுக்கூடமே. அங்கே பொறுப்புடைய ஒரு தலைமைப் பரிசாரகர் உளர். அவர் மறுநாளைய உணவுப் பட்டியலை முதல்நாள் இரவே பெற்றோரிடம் காட்டுவார். குழந்தைக்கு வேண்டியது இன்னதென்று குறித்துக் கொடுத்தால், சமையலறையார் அதனைத் தனியே ஆக்கித் தருவர். பல கம்பெனிகளில் இது வழக்கமான முறை.

பொது வரிசையின் இடர் யாதெனின், அங்கே கைகளும் கரண்டிகளும் கலத்தலே. ஒருவர் வேர்க்கடலைக் குழம்பில் இட்ட அகப்பையை அறியாது சோற்றில் இடுவர். ரொட்டித் துகள் வெண்ணெய்க் கிண்ணத்தில் வீழும். சமைத்தோர் எத்துணைத் தூய்மையோடு சமைத்தாராயினும், உண்போர் அதனைக் கலந்துவிடுவர். அங்கே உண்ணுவது தவிர்க்க முடியாததாயின், கூடம் திறந்தவுடன் சென்று, உள்ளேயிருந்து புதிதாகப் பரிமாறித் தருமாறு தலைமைச் சமையற்காரரை வேண்டிக்கொள்ளல் நலம்.

கண்ணுக்குப் புலனாகாத கலப்புக்கள் சில உள. உருளைக்கிழங்கு தீதற்றதே, ஆனால் மாவு தோய்த்த கோழியைப் பொரித்த எண்ணெயிலேயே அதனையும் பொரித்தால், எண்ணெயின் சூடு குளுட்டனை அழிப்பதில்லை. சோயாச் சாற்றிற் பெரும்பாலும் கோதுமை உண்டு. ஊஸ்டர்ஷயர் சாற்றில் நெத்திலி போன்ற மீன் உண்டு. குழம்பு கெட்டிப்படக் கோதுமை மா சேர்ப்பது மேனாட்டுச் சமையலில் வழக்கம். பனிக்கூழ் எடுக்கும் கரண்டி ஒன்றே எல்லாப் பனிக்கூழுக்கும் ஆவதுண்டு. குளுட்டன் அற்றதென்று தரும் ரொட்டியிற் பாலும் முட்டையும் இருத்தல் கூடும். பாற்பொருள் அற்றதென்று எழுதிய காப்பிப் பொடியிற் பாலின் புரதம் சேர்ந்திருத்தலும் உண்டு. ஆகவே ஒன்று இல்லை என்னும் சொல் மற்றொன்றும் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இன்னுமொன்று. நோய் பரவாமைப் பொருட்டுக் கப்பலின் உணவுக்கூட வாயில்களிலே கிருமிநாசினிக் குழைவை அனைவர் கையிலும் இடுகின்றனர். அது பல கிருமிகளைக் கொல்லுமேயன்றி வேர்க்கடலையின் புரதத்தைக் கையினின்று நீக்குவதில்லை. சோப்பும் நீருமே அதனை நீக்கும். பத்தியக் குழந்தையும் அதனோடு அமர்வாரும் உண்ணுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுதலும், உண்ணும் மேசையைத் துடைத்தலும் சிறு செயல்களாயினும் பெரும் பயன் தருவன.

புறப்படுமுன் செய்வன

கப்பலிலே உணவுப் பொருள்கள் துறைமுகத்தில் ஏற்றப்படுவன, நடுக்கடலில் வாங்கவியலாது. ஆதலின் வேண்டுவதை முன்னரே தெரிவித்தல் முதற்கடமை. பல கம்பெனிகள் வழித்தடத்திற்கேற்ப 45 முதல் 90 நாள்கட்கு முன்னர் எழுதித் தெரிவிக்கக் கேட்கின்றன. தொலைபேசியிற் கூறியதோடு அமையாது, எழுத்தில் அனுப்பி, எழுத்தில் மறுமொழி பெற்று, அதன் பிரதியைக் கையிற் கொண்டு செல்லல்வேண்டும். அவ்வோலை குறுகியதாயும் தெளிவாயும் இருத்தல் நன்று. ஒரு மாதிரி இங்கே தருகின்றோம்:

"எம் மகளுக்கு வயது 7. அவளுக்குப் பாலிலும் வேர்க்கடலையிலும் ஒவ்வாமை உண்டு என்று வைத்தியர் உறுதி செய்துள்ளனர். வெண்ணெய், பாலாடைக்கட்டி, பாற்பொடி, லாக்டோஸ் நீக்கிய பால் ஆகியனவும் ஆகா. துகளளவும் உயிர்க்கு இடர் தரும். தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் தனி எண்ணெயும் வேண்டும். அரிசிச் சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, காய்கறிகள், வெறுமனே வாட்டிய கோழி, பழங்கள் ஆகியன அவள் உண்பாள். ஐயமுள்ள உணவைத் தரற்க. இல்லை என்று சொல்லிவிடின் நன்றியுடையோம்."

இவ்வோலையில் ஆகாதவற்றோடு ஆவனவும் குறிக்கப்பட்டிருத்தலை நோக்குக. தானியேலும் அவன் தோழரும் பாபிலோன் அரண்மனையில் அரசனது போசனத்தை மறுத்த வரலாறு நம் வாசகர் அறிந்ததே. அவர்கள் வெறுமனே மறுத்தொழிந்தாரல்லர். பருப்பும் தண்ணீரும் போதும் என்று, அங்கே எளிதிற் கிடைக்கும் ஒன்றைக் குறித்துக் கேட்டனர். தன் தலைக்கு ஆபத்து வருமென்று அஞ்சிய அதிகாரியின் அச்சத்தையும் மதித்து, பத்து நாள் சோதித்துப் பார்க்குமாறு பணிவோடு வேண்டினர். பிறர் சமையலறையில் வேறுணவு கேட்பார் இவ்விரண்டையும் கற்றல் வேண்டும்: கொடுப்பார்க்கு எளிதாகக் கேட்டல், கொடுப்பாரது அச்சத்தை உணர்ந்து கேட்டல். பணிவு வேண்டும் என்றதனால் ஐயமுள்ள உணவை நாணத்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று கொள்ளற்க. தானியேலும் ஏற்றானல்லன்.

முத்திரை பிரியாத பொதியுணவுகளைப் பெரும்பாலான கப்பல்களில் எடுத்துச் செல்ல இசைவு உண்டு. வீட்டிற் சமைத்ததற்குப் பெரும்பாலும் இசைவில்லை. ஆகவே, குழந்தை விரும்பும் உலர் பண்டங்களும், அதற்குப் பழகிய சோயாப் பாற் பொதிகளும் சில கொண்டு செல்க. அவை பசிக்கும் ஏமாற்றத்திற்கும் துணையாவனவேயன்றி, பயணம் முழுதும் குழந்தை பொதியுணவையே தின்று கழித்தல் நம் கருத்தன்று. மருந்துகளைப் பெரிய பெட்டியில் இடலாகாது. அப்பெட்டிகள் துறைமுகத்திற் கப்பலாரிடம் ஒப்படைக்கப்பட்டுப் பல மணி கழித்தே அறைக்கு வந்து சேரும். அவ்விடைவேளையில் முதற் சாப்பாடு வந்துவிடும்.

பந்தியில் ஒழுகுமாறு

கப்பலேறிய முதல்நாளே தலைமைப் பரிசாரகரைக் கண்டு, எழுதியனுப்பிய ஓலை அவர் கைக்கு வந்ததா என்று கேட்டறிக. கம்பெனி அலுவலகத்திற்கு எழுதியது சமையலறைக்கு எட்டியிராமல் இருத்தல் கூடும். நாள்தோறும் ஒரே மேசையில், ஒரே பரிசாரகரிடம் உண்ணுமாறு அமைத்துக்கொண்டால், மூன்றாம் நாளுக்குள் அவர் குழந்தையின் பெயரோடு பத்தியத்தையும் அறிவர்.

தட்டு வந்தவுடன் குழந்தையை உண்ணவிடாது, "இது யாருக்காக ஆக்கியது? இதில் என்னென்ன உள?" என்று ஒருமுறை கேட்டல் வேண்டும். தவறான பொருள் தட்டில் இருந்தால், அதனை எடுத்தெறிந்துவிட்டு எஞ்சியதை உண்பித்தலாகாது. முழுத் தட்டையும் மாற்றித் தரச் செய்க. ரொட்டியை எடுத்தபின்னும் துகள் தங்கும். கொட்டையைப் பொறுக்கிய பின்னும் எண்ணெய் தங்கும்.

பரிசாரகர் ஐயுற்று நிற்பாராயின் அவ்வையம் நமக்கு நன்மையே. "அறியேன், கேட்டு வருகின்றேன்" என்பவர் நம்பத்தக்கவர். கேளாமலே "ஒன்றும் ஆகாது" என்பவரிடம் விழிப்போடு இருத்தல் வேண்டும். அறிவில்லாத அன்பு இவ்விடத்தே பெருங் கேடாம். குழந்தை அழுவதைப் பொறாது ஒரு துண்டு இனிப்பைக் கொடுக்கும் பாட்டியாரின் அன்பும் இவ்வகையே. உடன் பயணஞ் செய்யும் உறவினர் யாவர்க்கும் முன்னரே விளங்கச் சொல்லுதல் அதனால் இன்றியமையாதது.

குழந்தைகள் தனித்து விளையாடும் கூடங்கள் கப்பல்களில் உள. ஆங்கும் தின்பண்டம் தருவர். குழந்தையைச் சேர்க்கும்போதே எழுத்தில் தெரிவிப்பதோடு, அவசரத்தில் மருந்தூசி போடும் பொறுப்பை அவர்கள் ஏற்பார்களா என்பதையும் கேட்டறிக. இதில் எல்லாக் கப்பல்களும் ஒரு நெறியின அல்ல. ஏலாராயின் பெற்றோருள் ஒருவர் அண்மையில் இருத்தல் வேண்டும்.

கரையிறங்குங்கால்

துறைமுகங்களில் இறங்கும்போது காவல் தளர்தல் இயற்கை. கப்பலிலிருந்து பழமும் இறைச்சியும் சமைத்த உணவும் கொண்டு இறங்குவதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கின்றது; பொதி பிரியாத பண்டங்களே பெரும்பாலும் ஏற்கப்படும். அந்நாட்டு மொழியில் எழுதிய சிறு சீட்டு ஒன்றைக் கையிற் கொள்ளல் நலம். சொல்லிலும் விழிப்பு வேண்டும். வேர்க்கடலையை மெக்சிகோவில் ககாஹுவாத்தே என்பர். கரீபியத் தீவுகளில் ஸ்பானிய மொழி பேசுவோர் மனீ என்பர். ஸ்பெயின் நாட்டிலோ ககாஹுவேத்தே என்பர். மொழி ஒன்றாயினும் சொல் ஊர்தோறும் மாறும். மெக்சிகோவின் மோலே என்னுங் குழம்பில் வேர்க்கடலையும் பிற கொட்டைகளும் எள்ளும் அரைத்துச் சேர்ப்பதுண்டு; நிறத்தைப் பார்த்து அறியவியலாது. அந்நாட்டுச் சோள அடை குளுட்டன் அற்றதாயினும், கோதுமை அடை வாட்டிய கல்லிலேயே வாட்டப்பட்டதா என்று கேட்டல் வேண்டும். தெளிவான விடை கிடையாதவிடத்துக் கையிலுள்ள பண்டத்தை உண்டு கப்பலுக்கு மீள்வதே அறிவுடைமை.

இடர் நேர்ந்தால்

எத்துணைக் காப்பினும் தவறு நேர்தல் உண்டு. உண்ட சிறிது நேரத்தில் உடலெங்கும் தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், குரல் கம்முதல், இருமலும் மூச்சுத்திணறலும், அடுத்தடுத்து வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் கொடியன தோன்றின், அட்ரினலின் ஊசியைத் தாமதியாது தொடையின் வெளிப்புற நடுப்பகுதியிற் செலுத்துதல் வேண்டும். 15 முதல் 30 கிலோகிராம் வரை எடையுள்ள குழந்தைக்கு 0.15 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்டவர்க்கு 0.3 மில்லிகிராமும் உடைய தானியங்கு ஊசிகள் வழக்கிலுள்ளன. தம் வைத்தியர் எழுதித் தந்த முறையே பெற்றோர்க்குப் பிரமாணம். அரிப்பைத் தணிக்கும் மாத்திரை இதற்கு ஈடாகாது. அதனைக் கொடுத்துக் காத்திருத்தல் பொன்னான நேரத்தை இழப்பதாகும்.

குழந்தையைக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்துக. மூச்சு முட்டினால் சாய்ந்து அமரச் செய்க. வைத்தியர் அறைக்கு நடத்திச் செல்லலாகாது. கப்பலின் அவசரத் தொலைபேசியால் அவர்களை வரவழைக்க. ஐந்து நிமிடங்களுக்குப் பின்னும் தேறவில்லையாயின் இரண்டாம் ஊசி வேண்டியிருக்கும். இதனால் இரண்டு ஊசிகளையேனும் எப்போதும் உடன் கொண்டிருத்தல் கடமை. நடுக்கடலில் கரை பல மணி நேரத் தொலைவில் இருத்தலின், மேலும் இரண்டு இருத்தல் நலம். அறையில் வைத்துவிட்டு உணவுக்கூடத்திற்கும் கரைக்கும் போதல் ஆகாது. குறிகள் தணிந்தபின்னும் சில மணிக்குள் அவை மீண்டெழுதல் உண்டாகலின், கப்பல் வைத்தியரின் பார்வையில் இருக்கச் செய்க. பயணக் காப்பீடு செய்யுங்கால் இவ்வொவ்வாமையை மறையாது எழுதுக.

குழந்தையின் உள்ளம்

இதுகாறும் உடலைக் காக்கும் வழி கூறினோம். உள்ளமும் காக்கப்படல் வேண்டும். பந்தியிலே எல்லார்க்கும் இனிப்பு வந்து, தனக்கு மாத்திரம் வாராதபோது குழந்தை படும் துயர் சிறிதன்று. அதனைத் தனி மேசையில் அமர்த்தினால் உடல் காக்கப்படும். ஆயின் தான் பிறர்க்குச் சுமை என்னும் எண்ணம் அதன் மனத்திற் பதியும். மற்றொரு புறம், இரக்கத்தாற் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் உயிர்க்கே ஊறு. "உனக்கு இல்லை" என்பதற்கு ஈடாக "உனக்கு வேறு" என்று சொல்லக்கூடிய நிலையை அமைத்தலே பெற்றோரும் சமையற்காரரும் ஒருங்கே செய்யத்தக்க தொண்டு. மறுநாளைய பட்டியலைக் காட்டும்போது குழந்தையையே தெரிந்தெடுக்கச் செய்க. அண்ணனுக்குப் பனிக்கூழ் வரும் வேளையில் தங்கைக்கும் பழப்பனி ஒரு கிண்ணத்தில் வருமாறு சொல்லிவைக்க. பிறந்தநாள் பயணத்தின் இடையே வருமாயின், குழந்தைக்கு ஆகும் ஒரு பண்டத்தையே மேசையிலுள்ளார் யாவரும் உண்க. அன்றைக்கேனும் அது வேறு பட்டதாகாது.

பேசவும் படிக்கவும் வல்ல குழந்தைக்குத் தன் பத்தியத்தைத் தானே சொல்லக் கற்பித்தல் வேண்டும். இன்னது எனக்கு ஆகாது. தெரியாததை நான் உண்ணேன். உடம்பு ஒருவாறாயிருந்தால் உடனே சொல்வேன் என்னும் இம்மூன்றையும் கூச்சமின்றிச் சொல்லப் பழகிய குழந்தைக்கு, பெற்றோர் அருகில்லாத நாளிலும் ஒரு காவல் உண்டு. பிற்காலத்தே விடுதியிலும் அயலூரிலும் அதுவே துணையாக நிற்கும். ஏழு நாட் கப்பற்பயணம் அதனைப் பழக்குதற்கு ஏற்ற பள்ளிக்கூடமாகும். நாளொன்றுக்கு மூன்று முறை பாடம் நடைபெறுமன்றோ?

முடிவுரை

கப்பலிற் பத்தியக் குழந்தை நலமே உண்டு மீளுதல் ஒருவர் செயலாலன்று. முன்னரே எழுதிய பெற்றோர், எழுதியதைச் சமையலறைக்குச் சேர்ப்பித்த எழுத்தர், தனிக் கரண்டி எடுத்த சமையற்காரர், கேட்டு வந்து விடை கூறிய பரிசாரகர், மருந்தோடு விழிப்பாயிருந்த வைத்தியர், தெரியாததை மறுத்த குழந்தை ஆகிய இவர்கள் கை கோத்து நிற்பதாலேயே அது கைகூடும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி இற்றால் முழுதும் இறும்.

இக்கல்லூரியிற் பயிலும் நம் மாணாக்கருட் சிலர் நாளை வைத்தியராவர், சிலர் உணவு விடுதி நடத்துவர், சிலர் கடலிற் பணி செய்வர், பலர் பெற்றோராவர். கப்பலேறும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் விடுதிப் பந்தியில் நம் அருகமர்ந்த தோழன் ஒரு பண்டத்தை வேண்டா என்று ஒதுக்கும்போது, "சிறிது தின்றால் என்ன?" என்று வற்புறுத்தாமலிருத்தல் எல்லார்க்கும் இயல்வதே. அவன் மறுப்பதன் காரணத்தைக் கேட்டறிந்து, அடுத்த முறை அவனுக்கென ஒரு கரண்டியைத் தனியே எடுத்துவைப்போமாக.